மரமஞ்சளில் வந்த 394: செடியுடையதா, என்னுடையதா?

மரமஞ்சள் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே இருப்பது மரத்துக்கே உரிய வெளிறிய மஞ்சள் இல்லை, சாயத்தில் முக்கியெடுத்தது போன்ற அடர்மஞ்சள். அந்த நிறத்துக்குக் காரணம் பெர்பெரின் என்ற ஆல்கலாய்டு, அதாவது செடி உண்டாக்கும் நைட்ரஜன் உள்ள ஒரு சேர்மம். இது நூறு வருடத்துக்கும் மேலாகத் தெரிந்த சங்கதி, அதனால் பெர்பெரினைத் தேடி நான் போகவில்லை. அந்தப் பெர்பெரின் குவியலுக்கு அடியில் மில்லிகிராம் கணக்கில் ஒளிந்துகொண்டிருக்கும் மற்ற ஆல்கலாய்டுகளில், இதுவரை யாரும் பதிவு செய்யாத ஒன்றாவது இருக்குமா என்பதுதான் என் கேள்வி. பதினோரு மாதம் ஆனது. அதில் நான்கு மாதம் செடியில் இல்லாத ஒரு பொருளின் (தலைப்பில் உள்ள 394 அதன் நிறை) பின்னால் போனது. அந்த நான்கு மாதத்தை இன்னொருவர் தொலைக்க வேண்டாம் என்பதால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் செடி. மரமஞ்சள், தாவரவியல் பெயர் கோசினியம் ஃபெனஸ்ட்ரேட்டம், சீந்தில் குடும்பம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கையிலும் வளரும் பெருங்கொடி. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. மெதுவாக வளரும், மருந்துக்காக அளவுக்கு மீறி வெட்டியதில் காடுகளில் அருகிப்போய்விட்டது. அதனால் காட்டிலிருந்து ஒரு துண்டுகூட எடுப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தோம். ஒரு மூலிகைத் தோட்டத்தில் வளர்க்கும் கொடியைக் கவாத்து செய்தபோது கழித்த தண்டுகள்தான் எங்களுக்குக் கிடைத்தவை. அதோடு இலை, காய் உள்ள ஒரு கிளையையும் வாங்கி, அழுத்தி உலர்த்தி, ஒட்டி, எண் போட்டு ஹெர்பேரியத்தில், அதாவது உலர்செடிக் காப்பகத்தில், வைத்தோம். வெறும் சம்பிரதாயத்துக்காகச் செய்வது என்று சிலர் நினைக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. மரமஞ்சள் என்ற பெயரில் மருந்துச் சரக்காக வருவதெல்லாம் ஒரே செடி கிடையாது. வடக்கே இமயமலைப் பக்கம் பெர்பெரிஸ் அரிஸ்டாட்டா என்ற முட்புதரின் தண்டும் வேரும் தாருஹரித்ரா என்று போகிறது, தெற்கே அதே பெயருக்கு இந்தக் கொடியின் தண்டு போகிறது. இரண்டும் மஞ்சள், இரண்டிலும் பெர்பெரின், பொடியாக்கிவிட்டால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எந்தச் செடியில் எடுத்தாய் என்று நாளைக்கு யாராவது கேட்டால் கையை நீட்டிக் காட்ட அந்த ஒட்டிய கிளை ஒன்றுதான் இருக்கும்.

தண்டைச் சீவி நிழலில் உலர்த்தி, அரைத்து, 400 கிராம் பொடி எடுத்துக்கொண்டேன். முதலில் ஹெக்சேனில் ஒரு நாள் ஊறவைத்துக் கொழுப்பையும் மெழுகையும் கழித்தேன். அப்புறம் மெத்தனாலில் மூன்று முறை, முறைக்கு இரண்டு நாள், சூடு காட்டாமல். மூன்று வடிகட்டலையும் சேர்த்து ரோட்டாவில் (கரைப்பானை வெற்றிடத்தில் வற்றவைக்கும் சுழல் கருவி) 40 டிகிரிக்கு மேல் போகாமல் வற்றவைத்ததில் 38 கிராம் அடர்த்தியான பழுப்பு மஞ்சள் பாகு. ஒரு சொட்டை டிஎல்சி தட்டில் (கலவையில் உள்ளவற்றைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் தட்டு) வைத்து 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் பார்த்தால் பெர்பெரின் மஞ்சளாக ஒளிர்கிறது, ஆல்கலாய்டுகளைக் காட்டிக்கொடுக்கும் டிராகெண்டார்ஃப் கரைசலைத் தெளித்தால் ஆரஞ்சு ஆகிறது. அந்தப் பெரிய ஆரஞ்சுப் பட்டைக்கு மேலும் கீழும் மெலிசாக நாலைந்து புள்ளிகள். எனக்கு வேண்டியவை அவைதான்.

இங்கே பாடப்புத்தக வழி ஒன்று இருக்கிறது, எல்லாரும் அதில்தான் தொடங்குவோம். பெரும்பாலான ஆல்கலாய்டுகள் காரங்கள். நீர்த்த அமிலத்தில் போட்டால் நைட்ரஜன் ஒரு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு உப்பாகித் தண்ணீரில் கரைந்துவிடும். அப்போது குளோரோஃபார்மால் கழுவினால் ஆல்கலாய்டு அல்லாத குப்பை வெளியே போகும். பிறகு அம்மோனியா விட்டு பிஎச்-ஐ 9, 10 என்று ஏற்றினால் அந்த ஹைட்ரஜனை விட்டுவிட்டு ஆல்கலாய்டு தண்ணீரிலிருந்து குளோரோஃபார்முக்குத் தாவும். அழகான வித்தை, எத்தனையோ செடிகளில் வேலை செய்திருக்கிறது. நானும் அப்படியே செய்தேன். பிரிபுனலைக் குலுக்கி, நிறுத்தி, அடுக்கு பிரியும்வரை காத்திருந்து பார்த்தால், கீழே குளோரோஃபார்ம் லேசான இளமஞ்சள், மேலே தண்ணீர் அடுக்கு அப்படியே பளீரென்று மஞ்சள். இன்னும் கொஞ்சம் அம்மோனியா, மறுபடி குலுக்கல், மறுபடி அதே. ஒரு நாள் முழுக்க இதில் போயிற்று.

காரணம் யோசித்தால் எளிது, ஆனால் யோசிக்க வேண்டும். பெர்பெரினும் அதன் நெருங்கிய சொந்தங்களும் நான்காம் நிலை ஆல்கலாய்டுகள். நைட்ரஜனின் நான்கு பிணைப்பும் கார்பனோடுதான், நேர்மின்னூட்டம் நிரந்தரம். விட்டுக்கொடுக்க நைட்ரஜனில் ஹைட்ரஜனே இல்லை, அதனால் எவ்வளவு அம்மோனியா ஊற்றினாலும் அது தண்ணீரை விட்டு வராது. குளோரோஃபார்முக்கு வந்தது மூன்றாம் நிலை ஆல்கலாய்டுகள் (நைட்ரஜனில் மூன்று கார்பன் பிணைப்பு, நிரந்தர மின்னூட்டம் இல்லை) மட்டும், அதுவும் கொஞ்சமே. இந்தக் குடும்பத்துச் செடிகளில் வேலை செய்கிறவர்கள் தண்ணீர் அடுக்கைக் கொட்டிவிடாதீர்கள். பாதிக்கு மேற்பட்ட கதை அதில்தான் இருக்கிறது.

(பிரிபுனலில் இரண்டு அடுக்குக்கும் நடுவே நுரைத்த மோர் மாதிரி ஒன்று நின்றுகொண்டு பிரியவே மாட்டேன் என்றால், அதைத் திரும்பத் திரும்பக் குலுக்காமல் உப்புக் கரைசல் கொஞ்சம் விட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். குலுக்குவதற்குப் பதில் மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து எடுத்தால் அது வருவதே குறைவு.)

குளோரோஃபார்ம் அடுக்கைத் தனியாக எடுத்து வைத்தேன், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். தண்ணீர் அடுக்கை என்ன செய்வது? அதில் பெர்பெரின், மற்ற நான்காம் நிலை ஆல்கலாய்டுகள், சர்க்கரைகள், நான் சேர்த்த அமிலமும் அம்மோனியாவும் சேர்ந்த உப்பு, எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. வற்றவைத்தால் மஞ்சள் கட்டி. உப்பைக் கழிக்க வேண்டும், உப்பு கரையாத ஆனால் ஆல்கலாய்டு ஓரளவு கரையும் கரைப்பான் வேண்டும். அலமாரியில் கைக்கு எட்டியது அசிட்டோன். கட்டியை அசிட்டோனில் போட்டு, கலவை காரமாகவே இருக்கட்டும் என்று இரண்டு மில்லி அம்மோனியாவும் விட்டு, இரவு முழுக்கக் கலக்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். நோட்டில் அன்றைக்கு எழுதியிருப்பது ஒரே வரி: உப்பு நீக்கம், அசிட்டோன், இரவு.

மறுநாள் வடிகட்டிய அசிட்டோனை வற்றவைத்துத் தட்டில் ஓட்டினேன். குளோரோஃபார்ம்-மெத்தனால் கலவையில் பெர்பெரின் மாதிரியான உப்புகள் அடிக்கோட்டை விட்டு அதிகம் நகராது. ஆனால் இப்போது ஒரு புதிய புள்ளி, மஞ்சளாக, தட்டின் பாதிக்கு மேலே ஏறி நின்றது. டிராகெண்டார்ஃபுக்கு ஆரஞ்சு. மெத்தனால் சாற்றின் பழைய தட்டுகளை எடுத்துப் பார்த்தேன், அந்த உயரத்தில் எதுவும் இல்லை. அன்றைக்கு அதை நான் புரிந்துகொண்ட விதம், அளவு குறைவாக இருந்ததால் முன்னே தெரியவில்லை, இப்போது செறிவாகிவிட்டது என்பது. அந்தப் பழைய தட்டு சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சிலிக்கா நிரப்பிய குழாயில் இரண்டு முறை ஓட்டி 23 மில்லிகிராம் சுத்தமான மஞ்சள் பொடி எடுத்தேன். மூலக்கூறின் நிறையை அளக்கும் உயர்துல்லிய மாஸ் ஸ்பெக்ட்ரத்துக்கு அனுப்பினேன். ஒரு ஹைட்ரஜன் அயனி சேர்ந்த நிறை 394.1649. கணக்குப் போட்டால் 23 கார்பன், 23 ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன், 5 ஆக்சிஜன். மரமஞ்சளில் பதிவான ஆல்கலாய்டுகளின் பட்டியலை நானே தொகுத்து வைத்திருந்தேன், அதில் இந்த வாய்பாடு இல்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை. வேறு யாரும் பார்க்காத ஒரு மூலக்கூறைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு அப்படிப்பட்டது, அந்த மகிழ்ச்சியை நான் இப்போதும் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

அப்புறம் என்எம்ஆர், மூலக்கூறில் எந்த ஹைட்ரஜனும் கார்பனும் எந்தச் சூழலில் இருக்கின்றன என்று கோடுகளாகக் காட்டும் சோதனை. பெர்பெரினின் புரோட்டான் ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் கையெழுத்து தெரியும்: எட்டாம் கார்பனில் உள்ள ஹைட்ரஜன் 9.8 பிபிஎம் (கோடு விழும் இடத்தைச் சொல்லும் அளவு) பக்கம் தனியாக நிற்கும், பதின்மூன்றாம் கார்பனில் உள்ளது 8.7 பக்கம். என்னுடைய பொருளில் இரண்டும் அந்த இடத்தில் இல்லை. ஒன்று 5.3 பக்கமும் இன்னொன்று 5.9 பக்கமும் இறங்கியிருந்தன. மெத்திலீன்டைஆக்சி இருக்கிறது, இரண்டு மெத்தாக்சி இருக்கிறது, மற்ற சட்டகமெல்லாம் பெர்பெரின்தான். கூடுதலாக 2 பிபிஎம் பக்கம் மூன்று ஹைட்ரஜனுக்கான ஒற்றைக் கோடு, கார்பன் ஸ்பெக்ட்ரத்தில் 207 பக்கம் ஒரு கீட்டோன். ஆக, பெர்பெரினின் எட்டாம் கார்பனில் ஒரு மூன்று கார்பன் கீட்டோன் கிளை ஒட்டியிருக்கிறது. அமைப்பு முழுதாக முடிந்துவிட்டது. வரைந்து, எண் போட்டு, பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன்.

எங்கள் ஆய்வகத்தில் எனக்கு மூன்று வருடம் மூத்த அக்கா ஒருவர் இருந்தார். படத்தை அவரிடம் காட்டினேன். அவர் என்எம்ஆரைப் பார்க்கவில்லை, மாஸ் ஸ்பெக்ட்ரத்தின் உடைபடும் பகுதியைத்தான் கேட்டார். 394-ஐ உடைத்தால் மிகப் பெரிய கோடு 336.1230, அது அச்சு அசலாகப் பெர்பெரின். வித்தியாசம் 58.0419.

"தம்பி, 58 போகுதே, அது என்ன?"

"மூணு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் அக்கா."

"அதுக்கு ஒரு பேரு இருக்குல்ல?"

அசிட்டோன். நான் எதுவும் பேசவில்லை. அவரும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, நோட்டை எடுத்துப் பாரு என்று மட்டும் சொன்னார்.

பெர்பெரினின் எட்டாம் கார்பன், நேர்மின்னூட்டம் உள்ள நைட்ரஜனுக்குப் பக்கத்தில், எலக்ட்ரானுக்காக ஏங்கிக்கொண்டிருக்கும் இடம். அசிட்டோன் காரத்தில் ஒரு ஹைட்ரஜனை இழந்தால் அதன் மெத்தில் கார்பன் நேராக வந்து அங்கே ஒட்டிக்கொள்ளும். கிடைப்பது 8-அசிட்டோனைல்டைஹைட்ரோபெர்பெரின். மின்னூட்டம் போய்விட்டதால்தான் அது தட்டில் அவ்வளவு மேலே ஏறியது. இன்னொன்றும் தெரிந்துகொண்டேன்: பழைய வேதியியலாளர்கள் பெர்பெரினைச் சுத்தம் செய்யவே இந்த வினையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், காரத்தில் அசிட்டோனோடு சேர்த்துப் படிகமாக்கிப் பிரித்து, பிறகு அமிலம் விட்டால் அசிட்டோன் கழன்று பெர்பெரின் திரும்பி வந்துவிடும். அவர்கள் தெரிந்து செய்ததை நான் தெரியாமல் செய்து, அதைச் செடியின் கணக்கில் எழுதப் பார்த்திருக்கிறேன்.

சந்தேகம் வந்துவிட்டால் நிரூபிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. ஒரே வாரத்தில் நான்கு சோதனை செய்தேன். சுத்தமான பெர்பெரின் குளோரைடை, மரமஞ்சள் சாறு எதுவும் இல்லாமல், அசிட்டோனும் அம்மோனியாவும் விட்டு இரவு கலக்கினேன்: அதே புள்ளி, அதே உயரம், அதே 394.1649. என்னிடமிருந்த பொருளில் கொஞ்சம் எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வைத்தேன்: புள்ளி கீழே இறங்கிப் பெர்பெரினாயிற்று. ஒளித்திருப்பம், அதாவது கரைசல் தளமுனைவு ஒளியைத் திருப்புகிறதா என்று, பார்த்தேன்: பூஜ்யம். எட்டாம் கார்பன் இப்போது கைத்தன்மை உள்ள மையம், அதாவது இடது கை, வலது கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு வடிவம் உண்டு. நொதி கட்டியிருந்தால் பெரும்பாலும் ஒரு பக்கக் கையே வரும், குடுவையில் உண்டானால் இரண்டு கையும் சம அளவில் வரும். பூஜ்யத் திருப்பம் தனியாக எதையும் முடிவு செய்யாது, செடிகளிலும் சமக்கலவை உண்டு, ஆனால் மற்றவற்றோடு சேர்த்தால் அதன் சாட்சி கனமானது. நான்காவதாக, மீதியிருந்த தண்டுப் பொடியை அசிட்டோன் வாசனையே படாமல் முதலிலிருந்து மறுபடி எடுத்தேன். 394 இல்லை. ஒரு துளியும் இல்லை.

நான்கு மாதம்.

இதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் இது என் ஒருவனுக்கு மட்டும் நடந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இதே பெர்பெரின் குளோரோஃபார்மோடு காரத்தில் சேர்ந்தால் எட்டாம் கார்பனில் மூன்று குளோரின் உள்ள கிளை ஒட்டிக்கொள்ளும். டைகுளோரோமீத்தேனில் நாள்கணக்கில் விட்டுவைத்தால் ஸ்ட்ரிக்னைன் மாதிரியான மூன்றாம் நிலை ஆல்கலாய்டுகள் குளோரோமெத்தில் உப்பாக மாறும். ஆடாதோடையில் உள்ள வாசிசின் காற்றுப்பட்டே ஆக்சிஜனேற்றமாகி வாசிசினோன் ஆகும். இவையெல்லாம் தெரிந்தவை. செடியில் குளோரின் உள்ள ஆல்கலாய்டு கிடைத்தது என்று மாஸ் ஸ்பெக்ட்ரத்தின் ஐசோடோப் கோடுகளைப் பார்த்துக் குதிப்பதற்கு முன், எந்தக் கரைப்பானில் எத்தனை நாள் வைத்தோம் என்று நோட்டைப் பார்ப்பது நல்லது. நோட்டில் அது எழுதியிருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். கரைப்பான் பெயர் மட்டும் போதாது, எவ்வளவு நேரம், என்ன வெப்பம், காரமா அமிலமா, கண்ணாடியா பிளாஸ்டிக்கா, எல்லாம்.

பிளாஸ்டிக் என்றதும் அடுத்த விஷயம். 394 விவகாரத்துக்குப் பிறகு நான் சேர்த்துக்கொண்ட பழக்கம், செடியே இல்லாமல் முழு முறையையும் ஒரு தடவை செய்வது. அதே அளவு மெத்தனால், அதே புனல், அதே வடிதாள், அதே ரோட்டா, அதே சிலிக்கா. கடைசியில் குடுவையில் ஒன்றுமே இருக்கக்கூடாது. இருந்தது. நிறை 391.2843, உடைத்தால் 149.0233. மாஸ் ஸ்பெக்ட்ரம் எடுக்கிறவர்கள் எல்லாரும் அறிந்த பழைய விருந்தாளி, பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் எஸ்டர். பிளாஸ்டிக் குழாயிலிருந்தும் கழுவு புட்டியிலிருந்தும் கரைப்பானில் இறங்கியிருக்கிறது. செடிகளிலிருந்து பிரித்ததாக இதையும் கட்டுரைகளில் எழுதியிருக்கிறார்கள். அன்றிலிருந்து மெத்தனாலும் குளோரோஃபார்மும் கண்ணாடிப் புட்டியில்தான், கடைசிக் கட்டத்துக்கு வேண்டியதை நானே ஒரு தடவை காய்ச்சி வடிக்கிறேன்.

சரி, மறுபடி தண்ணீர் அடுக்குக்கு வருகிறேன். இந்தத் தடவை அசிட்டோன் இல்லை. அடுக்கை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அமிலமாக்கி, உப்புக் கரைசல் சேர்த்துக் குளிரில் இரவு வைத்தால் பெர்பெரின் குளோரைடாகவே கீழே இறங்கிவிடும். குளோரைடு அயனி அதிகமாக இருக்கும்போது அதன் கரைதிறன் நன்றாகக் குறைகிறது. காலையில் குடுவையின் அடியில் மெல்லிய மஞ்சள் ஊசிகள். இது தேடிப் போனதல்ல என்றாலும், அந்த ஊசிகளை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பெரும்பகுதி பெர்பெரின் இப்படிப் போய்விட்டதால் ஊசிகள் இறங்கியபின் மீந்த தாய்க்கரைசலில் சிறுபான்மை ஆல்கலாய்டுகள் தலை காட்டின. அதை ஆல்கலாய்டைத் தன்மேல் பிடித்துவைக்கும் பரப்புகவர் பிசின் நிரப்பிய ஒரு குழாயில் தண்ணீரால் கழுவி உப்பையும் சர்க்கரையையும் ஓடவிட்டு, ஆல்கலாய்டை மெத்தனாலில் இறக்கினேன். பிறகு செஃபாடெக்ஸ் எல்எச்-20 என்ற ஜெல் நிரப்பிய குழாய், மெத்தனால் மட்டும், சொட்டுச் சொட்டாக, இரண்டு நாள். அவசரப்பட்டு ஓட்டத்தைக் கூட்டினால் எல்லாம் ஒன்றாக வந்து விழும்.

ஃப்ராக்‌ஷன்களை எல்சி-எம்எஸ்ஸில் (கலவையைப் பிரித்து ஒவ்வொன்றின் நிறையையும் காட்டும் கருவி) பார்த்தபோது இரண்டு இடம் கண்ணில் பட்டது. ஒன்றின் நிறை 352, இன்னொன்றின் நிறை 338.

352 ஒரு நல்ல பாடம். பால்மட்டினின் நிறை 352.1543. எட்டாம் கார்பனில் ஆக்சிஜன் ஏறிய பெர்பெரினான 8-ஆக்சோபெர்பெரினின் ஹைட்ரஜன் சேர்ந்த நிறை 352.1179. ஒன்றில் ஒரு கார்பனும் நான்கு ஹைட்ரஜனும் உள்ள இடத்தில் இன்னொன்றில் ஓர் ஆக்சிஜன், அவ்வளவுதான் வித்தியாசம், 0.0364. முழு எண் மட்டும் காட்டும் கருவியில் இரண்டும் ஒரே 352. என் தாய்க்கரைசலில் வந்தது 352.1543, பால்மட்டின், மரமஞ்சளில் ஏற்கெனவே தெரிந்தது. கையிலிருந்த பால்மட்டின் மாதிரியோடு ஒப்பிட்டு முடித்துவிட்டேன்.

338.1387 கொஞ்சம் மல்லுக்கட்ட வைத்தது. 20 கார்பன், 20 ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன், 4 ஆக்சிஜன். பால்மட்டினில் நான்கு மெத்தாக்சி, இதில் மூன்று மெத்தாக்சி, ஒரு ஹைட்ராக்சில். எந்த இடத்தில் ஹைட்ராக்சில் என்பதில்தான் கேள்வி. மூன்றாம் கார்பனில் இருந்தால் அது ஜட்ரோரைசின், இரண்டாம் கார்பனில் இருந்தால் கொலம்பமின், வேறு எங்காவது இருந்தால் வேறொன்று. நிறையும் உடைபடும் விதமும் இந்த இரண்டையும் நம்பிக்கையாகப் பிரித்துச் சொல்லாது. தயாரிப்பு எச்பிஎல்சியில் (உயர் அழுத்தத்தில் கலவையைப் பிரித்தெடுக்கும் கருவி) மூன்று தடவை ஓட்டி 6 மில்லிகிராம் சேர்த்தேன், டியூட்டிரியம் மெத்தனாலில் கரைத்து என்எம்ஆர். முதல் தொல்லை, ஆறாம் கார்பனின் இரண்டு ஹைட்ரஜன்கள் 4.9 பக்கம் வர வேண்டும், அந்தக் கரைப்பானில் தண்ணீரின் கோடும் சரியாக அங்கேதான் வரும். ஒரு சிக்னல் குறைகிறதே என்று பதறாமல் கரைப்பானை மாற்றியோ வெப்பத்தைக் கொஞ்சம் ஏற்றியோ பார்க்க வேண்டும், வெப்பம் மாறினால் தண்ணீர்க் கோடு நகர்ந்துவிடும். ஏற்றினேன், வந்துவிட்டது.

அமைப்பை முடிவு செய்தது நோசி. இந்தச் சோதனை எந்த ஹைட்ரஜன் எந்த ஹைட்ரஜனுக்கு இடத்தளவில் பக்கத்து வீடு என்று காட்டும். முதல் கார்பனின் ஹைட்ரஜன் பதின்மூன்றாம் கார்பனின் ஹைட்ரஜனுக்குப் பக்கம், நான்காம் கார்பனின் ஹைட்ரஜன் ஐந்தாம் கார்பனின் இரட்டைக்குப் பக்கம். இந்த இரண்டு உறவை வைத்து முதலாவது எது, நான்காவது எது என்று முதலில் உறுதி செய்துகொண்டு, பிறகு மெத்தாக்சி எதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். அது முதலாவதன் பக்கத்தில் இருந்தது, நான்காவதன் பக்கத்தில் எதுவும் இல்லை. ஆக மெத்தாக்சி இரண்டாம் கார்பனில், ஹைட்ராக்சில் மூன்றாம் கார்பனில். ஜட்ரோரைசின். ஆப்பிரிக்காவின் ஜேட்டியோரைசா என்ற கொடியிலிருந்து பெயர் பெற்றது, அதுவும் இதே சீந்தில் குடும்பம். மரமஞ்சளுக்கும் புதிதல்ல. ஆனால் 394-ஐப் போல இல்லாமல் இந்தத் தடவை ஒவ்வொரு கோட்டுக்கும் என்னிடம் பதில் இருந்தது, அந்தத் திருப்தி வேறு மாதிரி.

கடைசியாக, ஓரமாக வைத்திருந்த குளோரோஃபார்ம் அடுக்கு. அதில் முக்கியமாக வந்தது இன்னொரு 352, இந்தத் தடவை 352.1179, அதாவது 8-ஆக்சோபெர்பெரின். பட்டியலில் உள்ள பொருள்தான், ஆனால் பட்டியலில் இருப்பதால் மட்டும் என் குடுவையில் இருந்தது செடியுடையது ஆகிவிடாது. பெர்பெரின் கடுமையான காரத்தில் சூடுபட்டால் ஒரு பாதி ஆக்சோ ஆகவும் இன்னொரு பாதி ஹைட்ரஜன் சேர்ந்த டைஹைட்ரோ ஆகவும் போகும் என்பது பழைய வேதியியல். நான் பயன்படுத்தியது குளிர்ந்த அம்மோனியாதான், ஆனாலும் காற்றும் வெளிச்சமும் இருந்தன. எனவே அடுத்த கவாத்தின்போது தோட்டத்துக்கே மெத்தனால் குப்பியோடு போனேன். வெட்டிய தண்டிலிருந்து ஒரு சிறு சீவலை அங்கேயே குளிர்ந்த மெத்தனாலில் போட்டு, பழுப்புக் குப்பியில் மூடி, பனிக்கட்டியில் வைத்து எடுத்து வந்து, அமிலமும் இல்லை, காரமும் இல்லை, வற்றவைப்பதும் இல்லை, வடிகட்டி நேராக எல்சி-எம்எஸ்ஸில் செலுத்தினேன். பக்கத்திலேயே சுத்தமான பெர்பெரினையும் அதே மெத்தனாலில் அதே நேரம் வைத்து ஓட்டினேன்.

பெர்பெரின் மட்டும் இருந்த குப்பியில் 352.1179 இல்லை. பச்சைத் தண்டின் சாற்றில் இருந்தது, சிறியதாக, ஆனால் சந்தேகமில்லாமல். அதற்குக் கொஞ்சம் முன்னால், என் பட்டியலில் எதோடும் பொருந்தாத இன்னொரு சிறு கோடும் அதே சாற்றில் இருக்கிறது. இதுவரை சேர்ந்திருப்பது 0.4 மில்லிகிராம், என்எம்ஆருக்குப் போதாது. கொடியை வெட்டிக் கேட்கப் போவதில்லை, அடுத்த கவாத்துக்குக் காத்திருக்கிறேன்.